லதூர் என்ற சர்நேமும் ஒன்றரை லட்ச ரூபாய் புரோக்கரும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் தாத்தா 1921-இல் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்தவர். வேலை நிமித்தமாக 1950-களில் கடலூர் வந்து இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புச் சான்றில் பெயரோடு 'லதூர்' என்று இருக்கிறது. உறவில் வேறு யாருக்கும் இந்தப் பெயர் இல்லை. நாம் பிரெஞ்சு சிப்பாய் வம்சம் என்கிறார் பெரியப்பா. 'வம்சச் சான்றிதழும்' குலச்சின்னமும் எடுத்துத் தருகிறேன், அதை வைத்து பிரெஞ்சு நேஷனாலிட்டி கேட்கலாம் என்கிறார் ஒரு புரோக்கர். ஒன்றரை லட்சம், பாதி முன்பணம். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் அம்மா. ஏற்கெனவே ஒரிஜினல் சான்றைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சிப்பாய் வம்சம் என்ற கதையைப் புதுச்சேரியில் பாதி வீடுகளில் கேட்கலாம். உங்கள் விஷயத்தில் அதைவிட நடக்கக்கூடிய வரலாறு வேறு. 1881 செப்டம்பர் 21-இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இங்குள்ளவர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது. அப்படித் துறந்தவர்கள்தான் ரெனோன்சான்கள். அதிகாரி முன் கையெழுத்துப் போடும்போது தனக்கும் தன் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். அதுவரை நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? ஆளாளுக்கு ஒன்றைத் தேர்ந்தார்கள். ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்ததற்காக 1873-இல் தடுக்கப்பட்ட வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளைதான் இந்த இயக்கத்தின் முன்னணித் தலைவர். அவர் எடுத்த பெயர் லபோர்த், அதாவது கதவு. சாதிப் பட்டத்தை உதறுவதற்கென்றே பிரெஞ்சுச் சொல்லைத் தேடி எடுத்தவர்கள் பலர். சிலர் ஞானஸ்நானப் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள்.

லதூர் என்றால் கோபுரம். பிரான்சில் கோபுரத்துக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது, அங்கே சர்வ சாதாரணம். உங்கள் முன்னோர் அதை ஏன் எடுத்தார் என்பதற்கு அகராதியில் பதில் கிடைக்காது. கோயில் கோபுரத்தையும் மாதா கோயில் மணிக்கூண்டையும் வைத்துக் கதை கட்டும் இணையதளங்களை நம்ப வேண்டாம். இந்தப் பெயர் உலகில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று புள்ளி சுத்தமாகச் சொல்லும் தளங்களும் அப்படித்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற கட்டத்தில் நாம் அப்பா பெயரை எழுதிவைக்க, அவர்கள் 'முருகன்' வம்சத்தில் இத்தனை லட்சம் பேர் என்று கணக்குப் போடுவார்கள். பிரான்சின் அரசுப் புள்ளிவிவர நிறுவனமான இன்சே 1891 முதல் 1990 வரையிலான பிறப்புகளை வைத்து ஒரு பெயர்க் கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் அது பிரான்சில் பிறந்தவர்களுக்கு, முத்தியால்பேட்டையில் பிறந்தவர் அதில் வரமாட்டார். குலச்சின்னம் வேண்டவே வேண்டாம். அது குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு உரியது, அதே பெயர் வைத்த எல்லோருக்கும் பொது அல்ல.

இப்போது தேடும் வழி. 1921 பதிவிலேயே லதூர் இருப்பதால், துறந்தவர் தாத்தாவின் அப்பாவாகவோ அவருக்கு முந்தியவராகவோ இருக்க வேண்டும். அந்தப் பதிவில் தகப்பனாரின் பெயரும் வயதும் இருக்கும். அதை வைத்து அவருடைய திருமணப் பதிவைத் தேடுங்கள். ரெனோன்சான் என்ற குறிப்பு உள்ளேயோ ஓரத்திலோ இருக்கிறதா பாருங்கள். துறப்பு அறிவிப்புகள் காலனி அரசிதழிலும் அச்சாயின. புதுச்சேரியின் பழைய பதிவேடுகளை பிரான்சின் எக்ஸ் நகரத்திலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் படமாகவே போட்டிருக்கிறது, காசு கிடையாது. புரோக்கர் 'பிரான்சிலிருந்து வரவழைத்தேன்' என்று காட்டும் தாள் பெரும்பாலும் அதன் பிரிண்ட்தான். துறப்புக்கு முந்தைய காலத்தில் லதூர் என்று தேடினால் ஒன்றும் வராது. தமிழ்ப் பெயரில் தேட வேண்டும், அதுவும் அவர்கள் எழுத்துக்கூட்டலில்: நம் உகரத்துக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்து சேர்த்துப் போடுவார்கள்.

நகராட்சிக்குப் போனால் பத்தாண்டு அட்டவணையை, அதாவது பத்தாண்டுப் பதிவுகளின் பெயர்ப் பட்டியலை, பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். அட்டவணையைப் புரட்டினால் முடிகிற காரியத்துக்கு நம்மை அலையவிடுவார்கள். 'நாளைக்கு வாங்க' என்பதுதான் அங்கே முதல் பதில். வாசலில் நிற்கும் இடைத்தரகர் பிழைப்பதே அந்த 'நாளைக்கு'ப் புண்ணியத்தில்.

நேஷனாலிட்டிக்கு வருவோம். சர்நேமுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கே குடியிருந்தவர்கள், ரெனோன்சானோ இல்லையோ, இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் தாத்தாவைப் போல கடலூரில் குடியிருந்தவர்களுக்கும் அதே விதிதான். எழுதிக் கொடுத்த தாள் வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது.

ஒரு விலக்கு உண்டு. அதை வைத்துத்தான் புரோக்கர்கள் தூண்டில் போடுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். புதுச்சேரிக்காரர்கள் நிறையப் பேர் பிரெஞ்சுக் காலத்தில் வியட்நாமின் சைகோனில் உத்தியோகம் பார்த்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளைப் பற்றி ஒப்பந்தம் பேசவில்லை, அது பேசியது இந்த மண்ணில் பிறந்தவர்களைப் பற்றி. ஆகவே சைகோனில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகன், 1962-இல் புதுச்சேரியில் இருந்தாலும், எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரராக நீடித்தார். இங்கே பிறந்து அன்று சைகோனிலோ பிரான்சிலோ குடியிருந்தவரும் அப்படியே. உங்கள் தாத்தா இரண்டிலும் வரமாட்டார். பாட்டி சைகோனில் பிறந்தவரா என்று மட்டும் விசாரியுங்கள். ஆனால் அப்படியே இருந்தாலும், பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3 பிரிவு குறுக்கே நிற்கும். அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து, நீங்களும் பெற்றோரும் பிரெஞ்சுக்காரராக நடந்துகொண்டதற்கு தூதரகப் பதிவோ பாஸ்போர்ட்டோ இல்லை என்றால், பரம்பரையைக் காட்டி நிரூபிக்கவே விடமாட்டார்கள். இதை எந்தப் புரோக்கரும் வாய் திறந்து சொல்வதில்லை.

இந்தப் பெயரால் உங்களுக்கு நிஜமாக ஏதாவது ஆக வேண்டியிருந்தால் அது சொத்தில்தான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டியபோது அது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று எழுதிவைத்தார்கள். அவர்களுக்கு இன்றும் பழைய பிரெஞ்சு சிவில் சட்டம்தான். முத்தியால்பேட்டையில் தாத்தா பெயரில் மனையோ வீடோ இன்னும் பிரிக்காமல் கிடந்தால், பாகப்பிரிவினைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் துறப்புப் பதிவோடு புதுச்சேரி சட்டம் தெரிந்த வக்கீலையோ நொத்தேரையோ (பிரெஞ்சு முறைப் பத்திர அதிகாரி) பாருங்கள். கடலூர் வக்கீல் பலருக்கு இது பழக்கமில்லாத விஷயம். தாத்தாவின் கடலூர்ப் பத்திரங்களில் 'எல்.' என்று இனிஷியல் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். லதூர்தான் அங்கே இனிஷியலாகச் சுருங்கியிருக்கக்கூடும், அதை அப்பா பெயர் என்று நினைத்து யாரோ வாரிசுச் சான்றில் வேறு பெயரை எழுதியிருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டியிருக்கும்.