உயரத்த விடுங்க, எடையச் சொல்லுங்க: வாட்டர் ஸ்கீ கேள்வி பதில்

கேள்வி: நான் ஆறடி, எடை 62 கிலோதான். வாட்டர் ஸ்கீ (கால்ல பலகை கட்டி, படகு இழுக்க தண்ணி மேல சறுக்கறது) இப்பதான் கத்துக்கப் போறேன். உயரத்துக்கு ஏத்த மாதிரி நீளமான ஸ்கீதான் வாங்கணும்னு நண்பர் சொல்றாரு, சரியா?

பதில்: உங்க நண்பர் பனிச்சறுக்குக் கணக்க தண்ணிக்குக் கொண்டு வர்றாரு. இங்க உங்கள மிதக்க வெக்கிறது ஸ்கீயோட பரப்பும் படகோட வேகமும்தான், அதனால ஆளு எவ்ளோ எடை, எந்த வேகத்துல இழுக்கப் போறாங்க, இந்த ரெண்டு கேள்வி போதும். எடை கூடினாலோ வேகம் குறைஞ்சாலோ பெரிய ஸ்கீ வேணும். 1922ல அமெரிக்காவுல பெப்பின் ஏரியில வாட்டர் ஸ்கீய கண்டுபிடிச்ச ரால்ஃப் சாமுவேல்சன் பனி ஸ்கீயையும் கட்டிப் பாத்தாரு, சரிப்படல, அப்புறம் 8 அடி நீளம் 9 இன்ச் அகலத்துல பலகையே செஞ்சுகிட்டாரு. உங்களுக்கு அவ்ளோ பெருசு வேணாம், பெரியவங்களுக்கான காம்போ ஜோடி (ரெண்டையும் மாட்டிப் போகலாம், பழகினப்புறம் ஒண்ண மட்டும் வெச்சும் போகலாம்) 67, 68 இன்ச்ல வரும், அதுல முன்பக்கம் அகலமா இருக்கறத எடுங்க, எந்திரிக்கறது லேசா இருக்கும். கம்பெனி போடுற எடை-வேக அட்டவணையில ரெண்டு சைஸுக்கு நடுவுல மாட்டினா பெருசுதான்.

கேள்வி: பைண்டிங் (கால ஸ்கீயோட புடிச்சு வெக்கிற ரப்பர் உறை) டைட்டா இருந்தா கால் மரத்துப் போகுது, லூஸா விட்டா ஸ்கீ கழண்டு ஓடுது. என்ன பண்றது?

பதில்: ஸ்கீய விட இதுதாங்க முக்கியம், ஆனா யாரும் இத யோசிச்சு வாங்கறதில்ல. மொதல்ல காலையும் ரப்பரையும் நல்லா நனைங்க, இல்ல சோப்புத் தண்ணி தடவுங்க (வாஸ்லின், எண்ணெய் பக்கமே போகாதீங்க, ரப்பர் கெட்டுடும்). ஹீல் பக்கத்த பின்னாடி தள்ளி வெச்சுட்டு விரல உள்ள முழுசா நுழைங்க, அப்புறம் குதிகால் ரப்பர அடியில தடிச்சு இருக்கற எடத்துல புடிச்சு இழுத்து மாட்டுங்க, மேல் ஓரத்தப் புடிச்சு இழுத்தீங்கன்னா கிழிஞ்சுடும். கடைசியா ஹீல முன்னாடி தள்ளி லாக் பண்ணிட்டு முட்டிய மடக்கி உக்காருற மாதிரி குனிங்க. குதிகால் மேல எழும்பக் கூடாது, விரல ஆட்ட முடியணும், அவ்ளோதான் அளவு. மரத்துப் போற அளவுக்கு இறுக்கினா பலமா விழும்போது கால் வெளிய வராது, ஸ்கீ முறுக்குற முறுக்குல கணுக்கால்தான் வாங்கிக்கும். ஒவ்வொரு தடவையும் பைண்டிங் ஸ்க்ரூவ ஒரு திருகு திருகிப் பாத்துக்கங்க.

கேள்வி: பையனுக்கு 8 வயசு. வளர்ற புள்ளதானேன்னு பெரிய சைஸே வாங்கிடலாமா?

பதில்: வேணாம்மா. பெரிய ஸ்கீய அவனால திருப்ப முடியாது, கால் பைண்டிங்குக்குள்ள ஆடும். முன்பக்கம் ரெண்டு ஸ்கீயையும் சேத்துக் கட்டி வர்ற குழந்தைங்க ஜோடி இருக்கு, கால் விரிஞ்சு போகாது. ஹீல் நகர்த்துற மாதிரி பைண்டிங்கா பாத்து வாங்குங்க, கால் வளந்தாலும் கொஞ்ச நாள் தாங்கும். வேகம் 20லேருந்து 25 கிலோமீட்டர் போதும், லைஃப் ஜாக்கெட் உடம்போட ஒட்டி இருக்கணும்.

கேள்வி: ஒத்த ஸ்கீல போக ஆசை. எந்தக் கால் முன்னாடி?

பதில்: பின்னாடிலேருந்து தள்ளிவிட்டு எந்தக் கால் முதல்ல முன்னாடி போகுதுன்னு பாக்கற டெஸ்ட எனக்கு நம்பிக்கையே இல்ல. ஜோடியில போகும்போதே நேரா ஓடுற எடத்துல ஒரு காலத் தூக்குங்க, அப்புறம் மத்தத. எந்தக் கால்ல ஆடாம நிக்கிறீங்களோ அதுதான் முன்கால், அதுக்கு பூட், அதாவது முழு பைண்டிங். பின்காலுக்கு ஆரம்பத்துல விரல நுழைக்கற வெறும் பட்டி போதும். ரெண்டு பூட் போட்டு ஒண்ணு மட்டும் கழண்டா மாட்டின கால் படுற பாடு இருக்கே, அது வேணாம்.