சாக்கெட்டில் உட்காரும், ஆனால் ஓடாது

கேள்வி: கோர் ஐ5 7400 பிராசசர், ஹெச்110 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம். இரண்டு ரேம் ஸ்லாட்டில் ஒன்று வேலை செய்யவில்லை, எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேராகச் செருகும் சிறு பட்டை வடிவச் சேமிப்பகம்) போடவும் இடமில்லை. கடையில் ஹெச்310 போர்டு காட்டி, "இதுவும் 1151 சாக்கெட்தான்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 2017-இல் எட்டாம் தலைமுறை பிராசசர்கள் வந்தபோது இன்டெல் அதே 1151 சாக்கெட்டை வைத்துக்கொண்டு சில பின்களின் வேலையை மாற்றிவிட்டது. ஹெச்310, பி360, பி365 போர்டுகள் எல்லாம் 8, 9-ஆம் தலைமுறைக்கு வந்தவை. ஏழாம் தலைமுறையான உங்கள் 7400-ஐ அவற்றில் வைத்தால் கச்சிதமாக உட்காரும். திரையில்தான் ஒன்றும் வராது. உங்களுக்கு ஏற்றது பி250 போர்டு. போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள சிபியு (பிராசசர்) பட்டியலில் 7400 இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் சொல்வதைவிட அதுவே முடிவு.

ஆனால் பழுது போர்டில்தானா? ரேமை இயக்கும் கன்ட்ரோலர் பிராசசருக்குள் இருக்கிறது. சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும், பிராசசரைக் குளிர்விக்கும் கூலர் ஒரு பக்கம் அழுத்தினாலும் ஒரு ஸ்லாட் செத்ததுபோல் தெரியும். ரேமின் தங்கநிறப் பட்டையை அழிரப்பரால் துடைத்து மாற்றிப் போடுங்கள். பிறகு கூலரைக் கழற்றி மறுபடி பொருத்திப் பாருங்கள். கன்ட்ரோலரே போயிருந்தால் புதுப் போர்டிலும் அதே கதைதான். அப்போது இருக்கும் ஸ்லாட்டில் ஒரே 16 ஜிபி ரேமும், கேபிளில் இணைக்கும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியும் போட்டுக்கொண்டு போவதுதான் சிக்கனம். வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

பி250 இப்போது பெரும்பாலும் பழையதாகத்தான் கிடைக்கும். செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து சாக்கெட்டைப் பாருங்கள்: பின்கள் எல்லாம் ஒரே திசையில் வரிசையாக மின்ன வேண்டும். ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னினால் அந்தப் போர்டைத் தொடாதீர்கள். ரேம் ஸ்லாட் டிடிஆர்4 தானா என்றும் கேளுங்கள். இதே வரிசையில் டிடிஆர்3 போர்டுகளும் உண்டு. கிரிப்டோ மைனிங்குக்காகச் செய்த பி250 போர்டுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

மாற்றுவதற்கு முன் முக்கியமான கோப்புகளை நகலெடுத்து, விண்டோஸ் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இயங்கினால் மீட்புக் குறியீட்டை எழுதி வையுங்கள். ஆனால் கணினியுடன் வந்த ஓஇஎம் (தயாரிப்பாளர் போட்டுத் தந்த) உரிமம் பழைய போர்டோடு போய்விடும்.

கூலரைக் கழற்றுமுன் கணினியை ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால் பிராசசருக்கும் கூலருக்கும் இடையே உள்ள பேஸ்ட் இளகியிருக்கும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். பிராசசரின் முக்கோணக் குறியும் சாக்கெட்டின் குறியும் சேர வேண்டும், அழுத்தவே கூடாது. கேபினட்டில் புதுப் போர்டின் துளைக்கு நேராக இல்லாத பித்தளை ஸ்டேண்டாஃப் (போர்டைத் தாங்கும் சிறு தூண்) மிச்சமிருந்தால் எடுத்துவிடுங்கள், ஷார்ட் ஆகும். ஃபேன் சுற்றியும் திரை வரவில்லையா? பெரும்பாலும் சிபியு பவர் கேபிளைத்தான் மறந்திருப்பீர்கள்.

எம்.2 ஸ்லாட்டில் சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டால் பல போர்டுகளில் ஒரு சாட்டா போர்ட் அணைந்துவிடும். ஹார்ட் டிஸ்க் காணவில்லை என்றால் கேபிளை அடுத்த போர்ட்டில் செருகிப் பாருங்கள். விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் 7400 இல்லை, போர்டு மாற்றினாலும் அது மாறாது.