கையெழுத்து போட்ட க்யூஆர் கோடு

கேள்வி: க்யூஆர் கோடு கொஞ்சம் கிழிஞ்சாலும் சரியா ஸ்கேன் ஆகுது, உள்ளயே பிழை திருத்தம் இருக்குன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி போலி கோடு ஒட்டி ஏமாத்துறாங்க? டிஜிட்டல் கையெழுத்து போட்ட கோடு வந்தா இது நின்னுடுமா?

பதில்: நிறைய பேர் குழம்புறது இந்த இடத்துலதான். 1994ல ஜப்பான்ல மசாஹிரோ ஹாராவோட குழு இதை உருவாக்குனதே கார் பாகங்களை கணக்கு வச்சுக்கறதுக்குத்தான், அங்க எண்ணெய், அழுக்கு படும், அதனால அதிகபட்ச அளவு திருத்தம் வச்சா சுமார் 30 சதவீதம் சிதைஞ்சாலும் படிக்க முடியும். ஆனா அந்த திருத்தம் "எழுத்து அழிஞ்சிருக்கா"ன்னு மட்டும்தான் பாக்கும், "எழுதுனது யாரு"ன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. பழைய பார்கோடுல எண் சரியா படிச்சாச்சான்னு பாக்க கடைசியில வர்ற செக் டிஜிட்டும் (சரிபார்ப்பு எண்) இதே கதைதான், யார் வேணா கணக்கு போட்டு சரியான எண்ணை போட்டுடலாம்.

கையெழுத்து அந்த ஓட்டையைத்தான் அடைக்குது. கோடு தயார் பண்றவங்க தங்களோட ரகசிய சாவியால தகவலுக்கு ஒரு முத்திரை போட்டு அதையும் கோடுக்குள்ளயே வச்சிடுவாங்க, ஸ்கேன் பண்ற ஆப் அந்த ரகசிய சாவியோட ஜோடியான, எல்லாருக்கும் கொடுக்கக்கூடிய பொது சாவியை வச்சு சரிபாக்கும், ஒரு எழுத்து மாறுனாலும் மாட்டிக்கும். இடமும் பெருசா தேவையில்ல, நீள்வட்ட வளைவுங்கிற கணித முறையில போடுற கையெழுத்து பெரும்பாலும் 64 பைட்தான், பெரிய க்யூஆர் கோடுல 2953 பைட் வரைக்கும் போகும். ஒண்ணு மட்டும் கவனம், அந்த பொது சாவி ஆப்கிட்ட முன்னாடியே நம்பகமா வந்து சேர்ந்திருக்கணும். கோடுக்குள்ள இருக்கிற சாவியை அப்படியே நம்புனா திருடனும் தன் சாவியை வச்சு கையெழுத்து போட்டுடுவான்.

சரி, இதோட முடிஞ்சுதா? இல்லங்க. கையெழுத்து போட்ட கோடை போட்டோ எடுத்தா அந்த போட்டோவும் சரியாத்தான் ஸ்கேன் ஆகும்! 2021ல ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த கோவிட் சான்றிதழ்ல நல்ல கையெழுத்து இருந்துச்சு, நெட் இல்லாமலே சரிபாக்கலாம், ஆனாலும் அதுல இருக்கிற பேரையும் பிறந்த தேதியையும் அடையாள அட்டையோட ஒப்பிட்டுப் பாத்தாதான் அது அவரோடதான்னு சொல்ல முடியும். அதனாலதான் டிக்கெட்டுக்கெல்லாம் சில நொடிக்கு ஒருதரம் மாறுற கோடு, இல்லன்னா ஒருதரம் ஸ்கேன் ஆனதும் சர்வர்ல "பயன்படுத்தியாச்சு"ன்னு குறிச்சு வைக்கிற சீரியல் எண் வேணும். பொருளோட அட்டையில ஒட்டுறதா இருந்தா, நகல் எடுத்தா மங்கிப்போற நுண்ணிய புள்ளி வடிவத்தையும் சேர்த்து அச்சடிக்கிறாங்க.

நீங்க கேட்ட ஸ்டிக்கர் மோசடிக்கு வர்றேன். கையெழுத்தே இல்லாத கோடையும் ஆப் ஒண்ணும் சொல்லாம திறந்துவிட்டா இவ்வளவு பாடுபட்டதும் வீண், கையெழுத்து இல்லன்னா நிறுத்தணும், குறைஞ்சது சத்தமா எச்சரிக்கணும், இதை ஆப் செய்றவங்ககிட்ட நாம விடாம கேட்கணும். திருடன் தன் பேர்லயே முறையா பதிஞ்சு கையெழுத்து வாங்கிட்டா கோடு சரின்னுதான் காட்டும், அதனால பணம் அனுப்புறதுக்கு முன்னாடி திரையில வர்ற பேரை முழுசா படிங்க, லிங்க் திறந்தா முகவரியைப் பாருங்க.