நடக்கிறவர் முந்தினால் முந்தட்டும்: ஓடப் பழகுகிறவர்களுக்குக் கேள்வி பதில்

இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்று இரண்டு வருடத்தில் வயிறு முன்னால் வந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. 61 வயதில் திரும்பவும் ஓடத் தொடங்கியபோது வீட்டுப் படலையிலிருந்து ஒழுங்கை முடக்கு வரைக்கும்கூட முடியவில்லை. அதனால் 'எனக்கு ஓட்டமே பிடிக்காது சேர்' என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டு கிழமையாக வன்னிப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சிலதுக்கு இங்கே பதில்.

பரந்தனிலிருந்து: வயது 38, எடை 94 கிலோ, நாள் முழுக்கக் கதிரையில் வேலை. ஈரலில் கொழுப்பு என்று சொல்லிவிட்டார்கள். போன கிழமை ஓடிப் பார்த்தேன். 300 மீற்றரில் நெஞ்சு எரிந்து, நின்றுவிட்டேன். எனக்கு இது சரிவருமா?

சரிவரும். நீங்கள் ஓடியது பிழை இல்லை, ஓடிய வேகம்தான் பிழை. நாங்கள் எல்லாரும் ஓட்டம் பழகியது பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டியில். விசில் ஊதினால் பாய்வது, கோடு தாண்டினால் விழுவது. 38 வயதில் திரும்ப ஓடப் போனாலும் கால் அந்த 100 மீற்றர் ஓட்டத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

வேகத்துக்கு ஒரே அளவுகோல் பேச்சுத்தான். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் 'நேற்று மழை உங்கள் பக்கமும் பெய்ததா, வயலுக்குத் தண்ணி காணுமா?' என்று மூச்சு முட்டாமல் கேட்க முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். குறையுங்கள். இன்னும் குறையுங்கள். வெட்கமாக இருக்கும் அளவுக்குக் குறைத்தால் அநேகமாகச் சரியான இடத்துக்கு வந்திருப்பீர்கள்.

உங்கள் எடைக்கு முதல் நாலு கிழமை நடை மட்டும். கிழமைக்கு நாலு நாள், அரை மணித்தியாலம், கொஞ்சம் விறுவிறுப்பாக. அதற்குப் பிறகு: ஐந்து நிமிடம் நடை, பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை. இந்தச் சோடியை எட்டுத் தடவை செய்தால் இருபது நிமிடம். கிழமைக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. இது நான் கண்டுபிடித்ததல்ல. 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் ஒன்பது கிழமையில் ஐந்து கிலோமீற்றர் ஓடுவதற்குப் போட்ட திட்டத்தின் தொடக்கம் இது. உலகம் முழுக்கச் சனம் அதைத்தான் பின்பற்றுகிறது. எனக்கு அந்த ஒன்பது கிழமை பதினாலு கிழமையாக நீண்டது. ஐந்தாம் கிழமையை மட்டும் மூன்று தடவை செய்தேன். ஒரு கிழமை கடினமாக இருந்தால் அதையே திரும்பச் செய்யுங்கள்.

இன்னொரு விசயம். மூச்சும் இதயமும் சில கிழமையிலேயே தேறிவிடும். எலும்பும் தசைநாரும் தேற மாதக்கணக்காகும். 'இப்போது லேசாக இருக்கிறதே' என்று தூரத்தைக் கூட்டுகிற ஆறாம், ஏழாம் கிழமையில்தான் முக்கால்வாசிப் பேர் நொண்டிக்கொண்டு வருகிறார்கள்.

அதே ஆள்: ஓடினால் எடை குறையும்தானே?

ஓட்டத்தால் மட்டும் அவ்வளவாகக் குறையாது. ஒரு கிலோமீற்றர் ஓடினால் உங்கள் எடைக்கு ஏறத்தாழ 90 கலோரி. மூன்று கிலோமீற்றர் ஓடிவிட்டு, கடையில் இரண்டு றோல்ஸும் சீனி போட்ட பால்தேத்தண்ணியும் எடுத்தால் கணக்கு மறுபக்கம் சாய்ந்துவிடும். சோற்றுக் கோப்பையைத் தனியாகப் பாருங்கள். ஆனால் எடை அசையாவிட்டாலும் சீனியும் பிரஷரும் ஈரல் கொழுப்பும் இறங்கலாம். தராசை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

மல்லாவியிலிருந்து: ஓடுவதற்கென்று விலைகூடிய சப்பாத்து வேண்டுமா?

வேண்டாம். பாட்டா செருப்போடு மட்டும் ஓடாதீர்கள். பெருவிரலுக்கு முன்னால் அரை விரற்கடை இடம், குதி வழுக்காமல் பிடிப்பு, இந்த இரண்டும் போதும். பின்னேரத்தில் போய் வாங்குங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பழைய சப்பாத்துக் கடையில் எடுத்தால் அடிப்பாகத்தை அமத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் விடுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து: எங்கே ஓடுவது? பெரிய வீதியில் ஓடலாமா? எங்கள் பக்கம் யானைப் பயமும் இருக்கிறது.

பெரிய வீதி வேண்டாம். விடியற்காலையில் கொழும்பு பஸ்கள் வருகிற வேகத்துக்கு முன்னால் யாரும் ஓடப் பழகக் கூடாது. நல்ல இடம் என்றால் குளக்கட்டும் வாய்க்கால் றோட்டும்தான். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், எந்தக் குளமென்றாலும் கட்டு சமமாக இருக்கும், கிறவல் தார் வீதியைவிடக் காலுக்கு மெத்தென்று இருக்கும். தூரம் அளக்கக் கைபேசிச் செயலி தேவையில்லை. ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போய் மீற்றரைப் பார்த்து, எந்தப் பாலை மரம் ஒரு கிலோமீற்றர் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கம் காட்டோரம் என்பதால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே வெளிக்கிடுங்கள், தனியாக வேண்டாம், காதில் பாட்டு வேண்டாம். பாதையில் புது யானை லத்தி கிடந்தால் அன்றைக்கு ஓட்டம் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றித்தான்.

அப்புறம், இது யாழ்ப்பாணத்து ஆட்களுக்கும் கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கும்: சனம் நடந்து தேய்ந்த பாதையை விட்டுப் பற்றைக்குள் குறுக்குவழி தேடாதீர்கள். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகையில் மண்டையோட்டைக் கண்டால் வந்த வழியே திரும்புங்கள். சிறுநீர் கழிக்கக்கூட வீதியை விட்டு இறங்க வேண்டாம்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அக்கா: வயது 44. ஓட ஆசை இருக்கு சேர், ஆனால் ஊர் என்ன சொல்லும்? போன முறை நடக்கப் போனதற்கே 'என்ன, மோட்டார் சைக்கிள் பழுதோ' என்று கேட்டார்கள்.

ஆண் சொல்லுகிற பதில் இதற்கு அரைப்பதில்தான், அதனால் எங்களோடு ஓடுகிற பெண்கள் செய்ததைச் சொல்கிறேன். ஒருவர் தனியாகத் தொடங்கி மூன்றாம் நாள் விட்டுவிட்டார். பிறகு மச்சாளையும் பக்கத்து வீட்டு ரீச்சரையும் சேர்த்துக்கொண்டு பின்னேரம் பிள்ளைகள் விளையாடுகிற நேரத்தில் மைதானத்துக்குப் போனார். மூன்று பேராகப் போனால் அது 'பயிற்சி' ஆகிவிடுகிறது, கேள்வி குறைகிறது. உடுப்பு தளர்ந்த சுடிதாரும் காற்சட்டையும்தான், சால்வையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டார்கள். உள்ளே இறுக்கமான விளையாட்டு உள்ளாடை கட்டாயம் என்று அவர்கள் சொல்லச் சொன்னார்கள்.

இன்னும் யாராவது சிரித்தால் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவைச் சொல்லுங்கள். 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1500 மீற்றரில் தங்கம் எடுத்தவர். அப்போது அவருக்கு 72 வயது. உங்களுக்கு அடுத்த ஊர்தான்.

வவுனியாவிலிருந்து: முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு நோகிறது. ஓடுவதற்கு முன் ஒரு டைக்குளோபெனக் நோ மாத்திரை போட்டுக்கொள்கிறேன், பிறகு தெரிவதில்லை. பிழையா?

பெரிய பிழை. வெயிலில் வேர்த்து உடம்பில் நீர் குறைகிற நேரத்தில் அந்த வகை மாத்திரை சிறுநீரகத்தைத் தாக்கும். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதோடு, நோ என்பது உடம்பு தருகிற சேதி. அதை அமத்திவிட்டு ஓடினால் சின்னக் காயம் பெரிதாகும்.

எலும்பின் ஓரம் நீளத்துக்கு நொந்தால், கூடத் தூரம் கெதியாக ஓடிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டு கிழமை சைக்கிளுக்கு மாறுங்கள், பிறகு பாதித் தூரத்திலிருந்து தொடங்குங்கள். அடியை எட்டிப் போடாமல் கிட்டக் கிட்ட வையுங்கள், கால் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். வாசற்படியில் நின்று குதியை உயர்த்தி இறக்குவது, கதிரையில் கையூன்றாமல் எழும்பி இருப்பது, இரண்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் நொந்து, இரவிலும் நொந்தால் அது எலும்பு வெடிப்பாக இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஓட வேண்டாம்.

கிளிநொச்சியிலிருந்து: சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். வெறும் வயிற்றில் ஓடலாமா?

எந்த மாத்திரை என்பதில்தான் பதில் இருக்கிறது. மெற்போமின் மட்டும் என்றால் சீனி சடாரென்று விழும் பயம் குறைவு. இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் என்றால் கிளினிக்கில் கேட்காமல் தொடங்காதீர்கள். ஓடுவதற்கு முன் இரத்தச் சீனியைப் பார்த்து, 90க்குக் (mg/dL) கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சட்டைப்பையில் எப்போதும் நாலு ரொபி. கை நடுங்கி, வேர்த்து, தலை சுற்றினால் உடனே வாயில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள்.

சீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ இடக்கையிலும் தாடையிலும் நோவோ வந்தால் அதை வாய்வு என்று விட்டுவிடாதீர்கள், நின்று ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒருவர் ஊர் சொல்லவில்லை: சேர், ஓட்டம் என்றாலே எனக்கு 2009தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. டொக்டர் ஓடு என்கிறார், கால் வருகுதில்லை.

நானும் அந்த வழியால் வந்தவன்தான். திரும்ப ஓடத் தொடங்கிய முதல் மாதம் கோயிலில் வெடி போட்டார்கள், எனக்குத் தெரியாமலேயே வாய்க்காலுக்குள் குந்திவிட்டேன். ஒரு சின்னப் பெடியன் சைக்கிளை நிறுத்தி 'தாத்தா, விழுந்திட்டீங்களோ?' என்று கேட்டான்.

நீங்கள் ஓடத்தான் வேண்டும் என்று இல்லை. டொக்டர் கேட்பது இதயத்துக்கு வேலை. கிழமைக்கு 150 நிமிடம் விறுவிறுப்பான நடையோ சைக்கிளோ அதே வேலையைச் செய்யும். ஓடித்தான் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் படலையில் தொடங்கிப் படலையிலேயே முடியுங்கள். கையில் ஒன்றும் கொண்டு போகாதீர்கள், தண்ணிப் போத்தல்கூட வேண்டாம். எனக்கு உதவியது அதுதான்: கை வெறுமையாக இருந்தது. இரவில் நித்திரை குழம்புகிறது என்றால் மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கதையுங்கள், அங்கே இதைக் கேட்டுப் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

முல்லைத்தீவிலிருந்து: எனக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் செயற்கைக் கால். ஓடலாமா?

நடக்கிற காலை ஓடுவதற்கென்று செய்வதில்லை, அடியில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு வேறு. உங்களுக்குக் கால் செய்து தந்த இடத்தில் முதலில் கேளுங்கள். அதுவரை சைக்கிளும் நீச்சலும். நடந்து வந்த பிறகு மீதிக் காலில் சிவந்த இடம் பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் அன்றைக்கு அதற்குமேல் வேண்டாம்.

துணுக்காயிலிருந்து: கச்சான் (தென்மேற்குக்) காற்றில் எப்படி ஓடுவது? தண்ணி எவ்வளவு?

வைகாசி முதல் ஆவணி வரை காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் முடித்துவிடுங்கள். அந்தக் காற்று வேர்வையை உடனே காயவைத்துவிடும், வேர்க்கவில்லை என்று நினைப்பீர்கள், உடம்பு வற்றிக்கொண்டிருக்கும். வெக்கைக்கு உடம்பு பழக இரண்டு கிழமை எடுக்கும். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் இதை மறந்து முதல் நாளே மயங்குகிறார்கள். அரை மணித்தியால ஓட்டத்துக்குத் தண்ணி போதும், வந்த பிறகு உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ. ஜீவனி உப்புக் கரைசலை வயிற்றோட்டத்துக்கு வைத்திருங்கள்.

பரந்தன் ஆள், என் பதில் கிடைத்த பிறகு திரும்பவும்: ஐந்து நிமிட நடை முடித்து, இன்று காலை முதல் தடவையாக ஒரு நிமிடக் கணக்கில் ஓடினேன் சேர். (நாலு கிழமை பொறுக்கவில்லை, மன்னிக்கவும்.) வாய்க்கால் றோட்டில் பாலைப்பழம் விற்கப் போன அம்மா ஒருவர் கூடையோடு நடந்தே என்னை முந்திப் போய்விட்டார்.

நடைக் கிழமைகளை முடிக்காததற்கு ஏச்சு. வேகம் மட்டும் சரி. வியாழக்கிழமையும் அந்த அம்மா முந்த வேண்டும்.