சளி பிடித்த குட்டிக்கு இரண்டாவது செலினியம் ஊசி போடலாமா?

கேள்வி: ஐயா, என்னிடம் 40 ஆடுகள் இருக்கின்றன. மழை விடாமல் பெய்ததால் கொட்டகையின் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடினேன். ஒரு வாரத்தில் குட்டிகளுக்கு மூக்கில் சளி, இருமல், 106 டிகிரி காய்ச்சல். இரண்டு செத்துவிட்டன. டாக்டர் 5 நாள் ஆன்டிபயாடிக் ஊசி எழுதினார். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியதால் நிறுத்திவிட்டேன். இப்போது மறுபடி இளைப்பு. மருந்து விற்பவர், "நுரையீரல் செல்லில் ஆன்டிஆக்ஸிடன்ட் தீர்ந்துபோச்சு" என்று சொல்லி வைட்டமின் ஈ–செலினியம் ஊசியும் வைட்டமின் சி பவுடரும் கொடுத்தார். ஊசி ஒரு தடவை போட்டாயிற்று. 3 நாள் கழித்து இன்னொன்று போடச் சொல்கிறார். போடலாமா? பயமாக இருக்கிறது.

பதில்: போடாதீர்கள். போட்ட ஊசியின் அளவையும் குட்டிகளின் எடையையும் எழுதி இன்றே உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செலினியத்தில் தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடம் குறைவு. வழக்கமான ஊசி அளவு கிலோ எடைக்கு சுமார் 0.05 மில்லிகிராம். கிலோவுக்கு 0.4, 0.5 மில்லிகிராம் அளவிலேயே செம்மறிக் குட்டிகள் செத்திருக்கின்றன. பெரிய ஆட்டுக்கான அளவைக் கண்மதிப்பில் சின்னக் குட்டிக்கு ஏற்றினால் அந்த எல்லையைத் தொட அதிக நேரமாகாது. இதில் கொடுமை, செலினியம் மிஞ்சிய குட்டியும் மூச்சுத் திணறும், நுரை தள்ளும். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னொரு ஊசி போடுவார்கள்.

விற்றவர் சொன்ன அறிவியல் பொய்யல்ல, காலம்தான் தப்பு. பாஸ்டுரெல்லா, மன்ஹீமியா போன்ற கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்கியதும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. விழுங்கிய கிருமியைக் கொல்ல சூப்பர்ஆக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்ற அரிக்கும் ரசாயனங்களை அவையே தயாரிக்கின்றன. மன்ஹீமியாவிடமோ அசைபோடும் விலங்குகளின் வெள்ளணுவை உடைக்கும் நச்சே இருக்கிறது. உடைந்த அணுவில் இருந்ததெல்லாம் நுரையீரல் மேலேயே சிந்தும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். கன்றுகளில் நியூட்ரோபிலை முன்கூட்டியே குறைத்துவிட்டு இந்தக் கிருமியைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். நுரையீரல் சேதம் குறைந்தது.

செல்லும் சும்மா இருப்பதில்லை. என்ஆர்எஃப்2 என்ற புரதம் சாதாரண நாளில் உண்டாக உண்டாக அழிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். பெராக்ஸைடு ஏறியதும் அது தப்பித்து உட்கருவுக்குள் போய், செல்லின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்டான, அதாவது இந்த அரிப்பைத் தடுக்கும் காவல் பொருளான, குளூட்டாதயோனைத் தயாரிக்கும் மரபணுக்களை எழுப்பிவிடும். சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி சூப்பர்ஆக்ஸைடைப் பெராக்ஸைடாக்கும். கேட்டலேஸும் குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸும் அதைத் தண்ணீராக்கும். கடைசியாகச் சொன்ன நொதிக்குத்தான் செலினியம் வேண்டும். செலினியம் குறைந்த மாட்டின் வெள்ளணு கிருமியை விழுங்குகிறது, ஆனால் கொல்ல முடியாமல் திணறுகிறது. ஆகவே சத்து தேவைதான், நோய் வருவதற்கு முன்னால். சிவப்பணுவில் இந்த நொதி, அணு உருவாகும்போதே சேர்வது. அந்த அணுவோ மாதக்கணக்கில் ஓடும். இன்று போட்ட ஊசியை நம்பி இன்று இளைக்கும் குட்டியைக் காப்பாற்ற முடியாது. ஆண்டு முழுக்கத் தாது உப்புக் கலவையில் போகவேண்டிய சத்து இது, அதுவும் தீவனத்தில் குறைவு என்று தெரிந்தால்.

வைட்டமின் சி பவுடரைத் தூர வையுங்கள். ஆடு அதைத் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளும். வாயில் கொடுப்பதில் பெரும்பகுதி முதல் வயிற்றிலேயே அழிந்துவிடும். அடுத்து இரும்பு டானிக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார். வாங்காதீர்கள். கிருமிக்கும் இரும்பு வேண்டும் என்பதால், தொற்று நேரத்தில் உடல் அதை வேண்டுமென்றே ஒளித்து வைக்கிறது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது தார்ப்பாயைப் பற்றி.

மன்ஹீமியா நலமான ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலுமே குடியிருக்கும் கிருமி. கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் அதைச் சளியோடு மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மூத்திரம் ஊறிய தரையிலிருந்து கிளம்பும் அமோனியா அந்த மயிர்களை முடக்கிவிடும். செல்லுக்குள் ஆக்சிஜனேற்றச் சுமையையும் ஏற்றும். கிருமி இறங்கும் முன்பே செல்லின் ஆன்டிஆக்ஸிடன்ட் கையிருப்பு கரைய ஆரம்பித்துவிடுகிறது என்று அர்த்தம். நான்கு பக்கமும் மூடிய கொட்டகையில் செலினியம் விற்பவரை நான் வைத்தியராக எண்ணுவதில்லை, அவர் வியாபாரி. கொட்டகைக்குள் அவர் ஒரு தடவையாவது குனிந்து பார்த்தாரா?

விடியுமுன் கதவைத் திறந்ததும் உள்ளே போய் மண்டியிட்டு, குட்டியின் மூக்கு உயரத்தில் மூச்சை இழுங்கள். நின்றபடி இழுத்தால் கணக்கில்லை. கண் கரித்தால் அமோனியா 20, 25 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 20, 25 பங்கு) தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும், அதனால் முதல் மூச்சை மட்டும் நம்புங்கள். அந்த நெடி இருக்கும்வரை எந்த மருந்தைப் பற்றியும் என்னிடம் கேட்காதீர்கள். காய்ந்த படுக்கையில் கிடக்கும் ஆடு குளிரைத் தாங்கும். ஈரத்தையும் உடம்பில் நேராக அடிக்கும் காற்றையும்தான் தாங்காது. ஆட்டின் முதுகுக்குச் சற்று மேல்வரை மறைப்பு, அதற்கு மேல் கூரைவரை திறப்பு. சாரல் அடிக்கும் பக்கத்தில் மட்டும் தார்ப்பாயைச் சாய்த்துக் கட்டுங்கள். இரவில் மனசு கேட்காமல் போய் அதையும் அடைத்துவிடாதீர்கள். நனைந்த படுக்கையை அள்ளி வெளியே போடவேண்டும். அதன் மேலேயே சுண்ணாம்பைத் தூவுகிறவர்கள் உண்டு. காரம் ஏறினால் அமோனியா இன்னும்தான் கிளம்பும்.

ஆன்டிபயாடிக்கை 2 நாளில் நிறுத்தியது தவறு. காய்ச்சல் இறங்கினாலும் நுரையீரலில் கிருமி பாக்கி இருக்கும். அதே மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஒரே ஊசியில் எழுப்பி நிறுத்துகிறேன் என்று யாராவது வந்தால், அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. காய்ச்சல் பறந்துவிடும், எதிர்ப்புச் சக்தியும் கூடவே போகும். நிறைசினை ஆடு குட்டியை முன்கூட்டியே ஈன்றுவிடலாம். இளைக்கும் குட்டியின் தலையை அண்ணாந்து பிடித்து எதையும் ஊற்றவேண்டாம், புரையேறி நேரே நுரையீரலுக்குப் போகும். வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்திருந்தால் ஆட்டுக்கொல்லி (பிபிஆர் என்ற வைரஸ்) நோயாக இருக்கலாம். அதை உடனே தெரிவியுங்கள், அங்கே கணக்கே வேறு.

இன்னொன்று செத்தால் அப்படியே புதைத்துவிடாமல் மருத்துவரை வைத்து அறுத்துப் பாருங்கள். நுரையீரலின் முன்பக்கக் கீழ்ப்பகுதி மட்டும் கருஞ்சிவப்பாகக் கெட்டிப்பட்டிருந்தால் கிருமி நிமோனியா என்று பெரும்பாலும் சொல்லலாம். முழு நுரையீரலும் நீர் கோத்து, மூச்சுக்குழாய் நிறைய நுரையாக இருந்தால், அந்தச் செலினியம் பாட்டிலையும் அவரிடம் கொடுங்கள்.