பழைய பேஸ்பால் கையுறை: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: கராஜ் சேலில் பத்து டாலருக்கு ஒரு கையுறை வாங்கினேன் அண்ணா. ராலிங்ஸ் கம்பெனி, உள்ளங்கையில் பில் டோக் கையெழுத்து. தேடிப் பார்த்தால் பேடன்ட் 1922 என்று வருகிறது. நூறு வயதுப் பொருள்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். டோக், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பந்துவீச்சாளர். எச்சில் பந்து (பந்தில் எச்சில் தடவி எறிவது) தடையான பிறகும் அதைப் போட அனுமதி பெற்ற 17 பேரில் ஒருவர். அவர் காலம் வரை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தோல் பட்டை இருந்தால் பெரிய விஷயம். அந்த இடத்தில் தோல் வார்களைக் குறுக்கே பின்னிவிடலாம் என்று ராலிங்ஸிடம் யோசனை சொன்னவர் டோக். பந்து உட்கார ஒரு குழி கிடைத்தது. அதுவரை கை வலிக்காமல் இருக்கப் போட்ட உறை, அப்புறம் பந்தைப் பிடிக்கும் கருவியாகிவிட்டது.

அந்த மாடல் 1953 வரை விற்றது. ஆகவே பேடன்ட் ஆண்டு "இதற்கு முன் இல்லை" என்று மட்டும்தான் சொல்லும். விரல்களைப் பாருங்கள். தனித்தனியாக ஆடினால் 20-கள், 30-கள் ஆக இருக்கலாம். நுனிகளை வாரால் சேர்த்துக் கட்டியிருந்தால் பெரும்பாலும் 40-களும் அதற்குப் பிறகும். ஆனால் மலிவான சிறுவர் கையுறைகள் பிற்பாடும் கட்டில்லாமல் வந்தன.

முக்கியமாக, எண்ணெய் தடவாதீர்கள்.

கேள்வி: என்னுடையதில் ஸ்டான் மியூசியல் கையெழுத்து இருக்கிறது. இடது கையில் சரியாக நுழைகிறது. அவரே போட்டதா?

பதில்: இல்லை. மியூசியல் இடது கையால் எறிகிறவர். அவர் உறை வலது கைக்கு. உங்களுடையது வலது கையால் எறிகிறவருக்கு. கையெழுத்து கம்பெனி அடித்த முத்திரை.

கேள்வி: எவ்வளவு போகும் சார்?

பதில்: விலை சொல்வதில்லை.

கேள்வி: மணிக்கட்டுப் பக்கம் ஒரு நாய்ப் படம் இருக்கிறது. பொம்மையா?

பதில்: நல்ல கேள்வி! அது டிரேப்பர்-மேனார்டு, நியூ ஹாம்ப்ஷயரின் பிளைமவுத் ஊர்க் கம்பெனி. அதிர்ஷ்ட நாய் அவர்கள் சின்னம். சாதாரணத் தோல் கையுறை தைத்தவர்களை பேஸ்பாலுக்கு இழுத்தவர் ஆர்தர் இர்வின். 1880-களில் விரல் முறிந்தும் ஆட விரும்பி, பஞ்சு வைத்த உறை கேட்டார். கம்பெனி 1937-ல் மூடியது, அதனால் உங்களுடையது அதற்கு முன். நாய் தேய்ந்திருந்தால் துடைக்க வேண்டாம். எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: டோக் கையுறைக்காரன்தான். விற்றவர், தாத்தா 1925-ல் ஆடியது என்று சத்தியம் செய்தார். விரல் கட்டியிருக்கிறது, ஆனாலும்.

பதில்: தாத்தாவை நம்புகிறேன். அவர் வைத்திருந்தது இதேதானா என்பதுதான் கேள்வி.

கேள்வி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பழைய உறையில் பிற்பாடு யாராவது ஓட்டை போட்டுக் கட்டியிருக்கலாமே?

பதில்: இருக்கலாம். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கம்பெனி போட்ட ஓட்டைகள் ஒரே இடைவெளியில் சுத்தமாக இருக்கும். வீட்டில் ஆணியால் குத்தியவை கோணலாக, ஓரம் பிய்ந்து நிற்கும்.

கேள்வி: ஓட்டைகள் வரிசையாகத்தான் இருக்கின்றன.

பதில்: அப்போ பெரும்பாலும் 40-கள், இல்லை அதற்குப் பிறகு.

கேள்வி: தாத்தா...

பதில்: சரி, அடுத்த கேள்வி.

கேள்வி: ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் பெயர் போட்ட, சியர்ஸ் கடை விற்ற கையுறை எந்தக் காலம்?

பதில்: 1960-ல் ஆட்டத்தை விட்ட பிறகுதான் சியர்ஸுக்குப் பெயர் கொடுத்தார். ஆக, 60-களும் அப்புறமும்.

கேள்வி: ஆறு விரல் இருக்கிறது. தவறாகத் தைத்ததா?

பதில்: ராலிங்ஸ் டிராப்பீஸாக இருக்கும். 1959-ல் வந்த வடிவம்.

கேள்வி: கிரிக்கெட் கீப்பர் கையுறை ஒன்றும் இருக்கிறது, சொல்ல முடியுமா?

பதில்: என் ஏரியா இல்லை. கிரிக்கெட் சாமான் சேர்க்கிறவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: எவ்வளவு போகும்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: தோல் காய்ந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: இரண்டு முறை சொல்லிவிட்டேன். எண்ணெய் தோலைக் கருக்கும், முத்திரையை அமுக்கிவிடும். எழுத்து போனால் கையில் இருப்பது வெறும் பழைய தோல். உலர்ந்த துணி போதும். பாலிஷும் வேண்டாம்.

கேள்வி: நேற்றே தடவிவிட்டேனே!

பதில்: துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து உள்ளங்கையைப் படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்து மிச்சம் இருக்கிறதா பார்ப்போம்.