‘அப்புறம் சொல்கிறேன்’ வேண்டாம்: கூட்டங்களில் கேப்ஷன் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

என் அப்பாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியதும் காது மந்தமாகத் தொடங்கியது. கூட்டத்தில் எல்லோரும் சிரித்தால் அவரும் சிரிப்பார், ஒரு நொடி தாமதமாக. பிறகு என் பக்கம் குனிந்து, “என்ன சொன்னார்?” என்பார். “அப்புறம் சொல்கிறேன் அப்பா” என்பேன். வீடு வந்து சேர்வதற்குள் மறந்துவிடும். காது கேளாதவர்கள் வாழ்நாள் முழுவதும் கேட்டுச் சலித்த வாக்கியம் அது. பேசப் பேச எழுத்தாக்கித் திரையில் காட்டும் நேரடி கேப்ஷன் வேலைக்கு நான் வந்ததற்கு அதுதான் காரணம். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தமிழ்க் கூட்டங்களுக்குத் தட்டச்சு செய்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருமுறை முப்பது பேர் கூடுவோம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் காது கேட்காததால் வருவதையே நிறுத்திவிட்டார். ஆள் வைத்துச் செய்ய எங்களிடம் பணமில்லை. வழி உண்டா? (செயலாளர், தென்காசி)

உண்டு. ஓர் ஆண்ட்ராய்டு போன் போதும். கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி 2019-இல் வெளிவந்தது. இலவசம்தான், தமிழும் எடுக்கும். ஆனால் போனை ஆசிரியர் மடியில் வைத்துவிட்டுப் பேச்சாளர் இருபதடி தள்ளி நின்று பேசினால், போனுக்கு முதலில் கேட்பது தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறிதான். வரிகள் உளறும். ‘தமிழுக்கு இது சரிப்படாது’ என்று எல்லோரும் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். குற்றம் தமிழின் மீதோ செயலியின் மீதோ இல்லை, தூரத்தில்தான் இருக்கிறது. சட்டையில் மாட்டும் சின்ன வயர்லெஸ் மைக் ஒன்று வாங்கி, அதன் ரிசீவரைப் போனில் செருகிவிடுங்கள். பேச்சாளர் வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் போதும். கலந்துரையாடலில் அதே மைக் கைமாறட்டும். மைக் கைக்கு வராமல் யாரும் பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. அழைப்பிதழ் அனுப்பினால் ஆசிரியர் வரமாட்டார். நீங்களே அவர் வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, போனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசிக் காட்டுங்கள்.

பேசுகிறபடியே எழுத வேண்டுமா, எழுத்துத் தமிழில் மாற்ற வேண்டுமா? எங்கள் குழுவில் இதற்காகச் சண்டையே நடக்கிறது. (தன்னார்வத் தட்டச்சாளர், மதுரை)

நடக்க வேண்டிய சண்டைதான். நாம் பேசும் தமிழ் ஒன்று, படித்துப் பழகிய தமிழ் வேறு. பேச்சாளர் “வந்துட்டேன்” என்கிறார். அதை அப்படியே எழுதினால் அவர் குரல் நிற்கும். ஆனால் கண் தடுக்கும். படிப்பவர் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் உச்சரித்துப் பார்த்தால்தான் பொருள் பிடிபடும். அதற்குள் இரண்டு வரி ஓடிவிடும். பள்ளியில் எழுத்துத் தமிழை மட்டுமே கற்ற, பிறவியிலேயே காது கேளாத ஒருவருக்கு அந்தப் பேச்சு வடிவம் அறிமுகமே இல்லாமல்கூட இருக்கலாம்.

நான் கடைப்பிடிப்பது இதுதான்: வினைமுடிவுகளை எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவருவேன், சொற்களில் கை வைக்கமாட்டேன். ‘வந்துவிட்டேன்’ என்று எழுதுவேன். ஆனால் நெல்லைக்காரர் “ஏலே” என்றால் அது திரையில் ஏறும். கொங்குக்காரரின் “ஏனுங்க” ‘ஏன் ஐயா’ ஆகாது. திட்டினால் திட்டும் வரும். மெருகேற்றுவது நம் வேலையில்லை. ஒரு பட்டிமன்றத்தில் பேச்சாளர் தன் பாட்டி பேசியதைப் பாட்டியின் குரலிலேயே சொன்னார். அந்த நான்கு வரிகளையும் அப்படியே பேச்சுத் தமிழில் விட்டேன். சிரிப்பு முழுவதும் அந்த வடிவத்தில்தான் இருந்தது.

சுருக்குவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழில் அது ஆபத்து. வினை கடைசியில்தான் வரும். ‘செய்ய வேண்டும்’ என்றாரா ‘செய்ய வேண்டாம்’ என்றாரா என்பது வாக்கியத்தின் இறுதிச் சொல்லில்தான் தெரியும். பாதியிலேயே ஊகித்து முடித்தால் பொருள் தலைகீழாகும். கைக்கு எட்டாவிட்டால் வாக்கியத்தின் நடுவை விடுங்கள். முடிவை மட்டும் விடாதீர்கள்.

எங்கள் நிறுவனத்தின் ஆன்லைன் கூட்டங்களில் தானியங்கி கேப்ஷனை இயக்கிவிட்டோம். அதற்கு மேல் என்ன தேவை? (மனிதவள மேலாளர், சென்னை)

ஒரு வாரம் ஒலியை அணைத்துவிட்டு, அந்த வரிகளை மட்டும் படித்துக் கூட்டத்தில் இருந்து பாருங்கள், பிறகு பேசலாம்.

நான் கண்டவரை இயந்திரம் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. பெயர்கள். எண்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த வாக்கியங்கள். நம்மில் பலர் ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி உச்சரிப்பதால் ‘வழி’ ‘வலி’ ஆகிறது. இவற்றில் பாதியை ஊகித்துச் சரிசெய்துகொள்ளலாம். ஊகிக்க முடியாதது ‘முடியும்’, ‘முடியாது’ குழப்பம். ஒரு மருத்துவ விளக்கக் கூட்டத்தின் வரிகளில் ‘சாப்பிட வேண்டாம்’ என்றது ‘சாப்பிட வேண்டும்’ என்று வந்ததை நானே பார்த்தேன். படித்தவர் அதை நம்பிக் குறித்துக்கொண்டிருந்தார்.

அன்றாடக் கூட்டத்துக்குத் தானியங்கி வரிகள் இல்லாமல் இருப்பதைவிட இருப்பது மேல். பணி நியமனம், ஒழுங்கு நடவடிக்கை, சம்பளம், உடல்நலம் என்று ஒருவரின் வாழ்க்கையைத் தொடும் கூட்டமானால் மனிதர் ஒருவர் இருக்க வேண்டும். முழுவதும் தட்டச்சு செய்ய ஆள் கிடைக்காவிட்டால், இயந்திரம் தருவதை உடனுக்குடன் திருத்தவாவது ஒருவர் வேண்டும்.

சைகை மொழிபெயர்ப்பாளரை வைத்திருக்கிறோம். கேப்ஷனும் தேவையா? (விழாக் குழு, திருச்சி)

தேவை. இரண்டும் வெவ்வேறு மனிதர்களுக்கானவை. இந்தியச் சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குத் தமிழ் எழுத்து இரண்டாம் மொழி, அவருக்குக் கேப்ஷன் மட்டும் போதாது. என் அப்பாவைப் போல வயதான பிறகு காது போனவருக்குச் சைகை மொழி தெரியாது. அவருக்கு வரிகள்தான் கதி.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சைகை மொழிபெயர்ப்பையும் கேப்ஷனையும் சேர்த்தேதான் பேசுகிறது. மின்னணு ஊடகங்களில் இரண்டும் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அதே சட்டம் இரண்டு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரைத்தான் செவித்திறன் குறைந்தவர் என்று கணக்கில் எடுக்கிறது. 45 டெசிபல் இழப்பு உள்ளவரிடம் சான்றிதழ் இருக்காது. வீட்டில் ஓரளவு சமாளிப்பார். எதிரொலிக்கும் கல்யாண மண்டபத்தில் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. எனவே ‘எத்தனை மாற்றுத்திறனாளிகள் வருகிறார்கள்’ என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

இவ்வளவு வேகமாக எப்படி அடிக்கிறீர்கள்? நானும் கற்க முடியுமா? (கல்லூரி மாணவி, ஈரோடு)

ஆங்கிலத்தில் இதற்கென்றே ஸ்டெனோடைப் எந்திரம் இருக்கிறது. பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தி, ஓர் அசையையோ ஒரு முழுச் சொல்லையோ ஒரே தட்டில் எழுதுவார்கள். நிமிடத்துக்கு 200 சொற்களுக்கு மேல் போகும். நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்களின் அந்தத் திறமையால்தான் அமெரிக்காவில் 1982 ஆஸ்கர் விழாவுக்கு நேரடி கேப்ஷன் கொடுக்க முடிந்தது.

நான் சாதாரண விசைப்பலகையில் தமிழ்99 முறையில் அடிக்கிறேன். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதன் மீது புள்ளி தானாக விழும். ‘பந்து’ எழுதினாலும் ந-வின் புள்ளியைத் தேட வேண்டியதில்லை. அடிக்கடி வரும் நீண்ட தொடர்களுக்கு இரண்டெழுத்துக் குறுக்குவழி வைத்திருக்கிறேன். அப்படியும் தனியாள் தாக்குப்பிடிக்க முடியாது. இருவர் உட்கார்ந்து, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வோம்.

விரலைவிட முன்தயாரிப்பு முக்கியம். பேச்சாளர்கள் பெயர், ஊர்கள், மேற்கோள் காட்டப்போகும் குறள் எண்கள் எல்லாம் இரண்டு நாள் முன்னதாக எனக்கு வந்துவிட வேண்டும். ஒருமுறை அமைப்பாளர்கள் எதுவும் தராமல், ‘எல்லாம் எளிமையான பேச்சுதான்’ என்றார்கள். மேடையேறியவர் முதல் பத்து நிமிடத்தில் இருபத்தேழு செப்பேடுகளின் பெயர்களைச் சொன்னார்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? (ஒலி ஒளி அமைப்பாளர், சேலம்)

கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். புள்ளி தெரிகிறதா? தெரியாவிட்டால் ‘கல்’லும் ‘கல’வும் ஒன்றாகிவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, ஒரே நேரத்தில் மூன்று வரி, வரிகளுக்கு இடையே தாராளமான இடம். திரை பேச்சாளருக்கு அருகிலேயே இருக்கட்டும். முகத்தையும் வரியையும் ஒரே பார்வையில் பிடிக்க வேண்டும். பூச்செண்டும் குத்துவிளக்கும் திரையை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டு, கைதட்டல் எல்லாம் எழுத வேண்டுமா? (பெயர் வேண்டாம்)

ஆம். [கைதட்டல்], [நாதஸ்வரம்], [வெளியே வெடிச்சத்தம்]. எல்லோரும் ஏன் திரும்பிப் பார்த்தார்கள் என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

எனக்கு வயது 34. ஒரு காது கேட்காது, மறு காதில் கருவி. கருத்தரங்குகளுக்குப் போக ஆசை. ஒருவருக்காக இத்தனை ஏற்பாடா என்று நினைப்பார்களோ என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. (ஆய்வு மாணவி, புதுச்சேரி)

தங்கையே, மண்டபத்தில் மைக் வைப்பதும் ஏற்பாடுதான். அது காது கேட்கிறவர்களுக்காகச் செய்வது. அதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை.

பத்து நாள் முன்னதாக இப்படி எழுதுங்கள்: “எனக்குச் செவித்திறன் குறைவு. பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டினால் முழுமையாகப் பங்கேற்பேன். அதற்கு ஏற்பாடு உண்டா என்று தெரிவிக்கவும். இல்லையெனில், பேச்சாளரின் மைக் ஒலியை என் போனில் இணைக்க அனுமதி வேண்டும்.” மன்னிப்புக் கேட்கும் சொல் ஒன்றுகூடக் கடிதத்தில் இருக்க வேண்டாம். இரண்டாவது வழியையும் நீங்களே சொல்லிவிடுவதால், முடியாது என்று தட்டிக்கழிப்பது அவர்களுக்குக் கடினமாகும்.

நான்கு நாளில் பதில் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள். புதுச்சேரிக்கு வந்து தட்டச்சு செய்யக்கூடிய இருவரை எனக்குத் தெரியும்.